கடைசி நாலு வரி

ஞாயிறு இணைப்பிதழுக்குப் பக்கம் கட்டுகிறவரை அலுவலகத்தில் எல்லோரும் கத்தரி என்றுதான் கூப்பிடுவார்கள். எட்டாம் பக்கத்து மூலையில் ஒரு கவிதையை உட்கார வைப்பதும், கடைசி நேரத்தில் விளம்பரம் வந்தால் அதைக் கீழிருந்து வெட்டுவதும் பதினேழு வருஷமாக அவர் வேலை. சமையல் குறிப்பில் உப்பு விட்டுப்போனால் போன் அலறும். கவிதையில் கைவைத்தால் ஈ காக்காய்கூடக் கேட்டதில்லை.

"கவிதைதானே, எங்க வெட்டினாலும் கவிதைதான்" என்பார். உதவி ஆசிரியர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கவிதையைத் திட்டுகிறவர்களாவது நாலு வரி படித்திருப்பார்கள். இந்த மனுஷன் அதுகூடக் கிடையாது.

கத்தரியின் அண்ணன் இறந்து ஒரு வருஷமாகிறது. அண்ணி தனியாக இருக்கிறார். சமையலறைத் தொட்டிக்கு அடியில் குழாய் ஒழுகுகிறதென்று கூப்பிட்டிருந்தார். கத்தரி அலமாரிக் கதவைத் திறந்தார். கதவின் உள்பக்கம் எட்டாம் பக்கத்து மூலைக் கவிதை ஒட்டியிருந்தது. கீழே மெத்தை விளம்பரத்தின் தலையணை ஓரமும் சேர்ந்து வந்திருந்தது.

"இது யாரு அண்ணி எழுதினது?"

"சிரிக்காதீங்க தம்பி, நான்தான். உங்க சிபாரிசுன்னு யாரும் நினைச்சிடக் கூடாதுன்னு வேற பேர்ல அனுப்பினேன்."

கத்தரி மறுபடி அந்தத் தலையணை ஓரத்தைப் பார்த்தார்.

"இன்னும் நாலு வரி இருந்துச்சு. உங்க அண்ணன் வர்றதே அதுலதான். ஆசிரியர் எடுத்துட்டார். ரெண்டு நாள் அழுதேன். அப்புறம் யோசிச்சேன். அவ்வளவு படிச்சவர் சும்மா எடுப்பாரா? இவ்வளவு புலம்பாதேன்னு சொல்லாம சொல்லியிருக்கார்."

நோட்டை எடுத்துவந்து காட்டினார். முப்பது கவிதை இருக்கும். ஒவ்வொன்றிலும் கடைசி நாலு வரியை ஸ்கேல் வைத்துச் சிவப்பு மையால் அடித்திருந்தார். ஒன்றில் அண்ணனின் இருமல் அடிபட்டிருந்தது, இன்னொன்றில் அவர் மறந்துவிட்டுப் போகும் மூக்குக்கண்ணாடி.

பழியை ஆசிரியர் தலையில் போட்டுவிட்டு ஸ்பேனரை எடுத்திருக்கலாம். அந்த எண்ணம் வரவும் செய்தது. அதற்காகவே தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"அண்ணி, ஆசிரியர் அதைப் பாக்கவே இல்ல. நான்தான் வெட்டினேன். மெத்தை விளம்பரம் வந்துச்சு, எடம் பத்தல."

அண்ணி நோட்டை மூடினார். அவர் கோபித்திருந்தால்கூடக் கத்தரி தாங்கியிருப்பார்.

"சரி, உங்க வேலை அப்படி. படிச்சுப் பாத்துட்டுத்தானே தம்பி வெட்டினீங்க?"

கத்தரி ஸ்பேனரை எடுத்தார். இரண்டு முறுக்கில் ஒழுகல் நின்றுவிட்டது. ஆனாலும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு, குழாயை முறுக்கிக்கொண்டே இருந்தார்.