ஹாலந்தில் கடல் எந்தப் பக்கம்

பென்னலூர் பக்கம் ஹாலோ பிளாக் போடும் மிஷினை முதலில் கொண்டுவந்து இறக்கியவன் நான். கரண்ட் வராத இடத்தில் என்ன பண்ணுவாய் என்று சிரித்தார்கள். ஜெனரேட்டர் வைத்து ஓட்டினேன். மண்ணூரில் கருவேல முள் மண்டிக் கிடந்த பொட்டலில் கம்பெனிக்கு மதில் எழுப்ப ஒருத்தரும் வரவில்லை, பாம்புக்குப் பயம், நான் எழுப்பினேன். இன்றைக்கு ஒரகடம் ரோட்டில் போனால் இடப்பக்கம் வருகிற நீள மதில் என்னுடையது. வலப்பக்கம் வருவதில் பாதி என்னுடையது. மீதிப் பாதி கொஞ்சம் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும், அது வேறு ஆள் வேலை. தெற்கத்திப் பிள்ளைகள் வேலைக்கு வந்து, சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் பெட்டியோடு இறங்கி, தங்க இடமில்லாமல் ஷேர் ஆட்டோக்காரனிடம் கெஞ்சிக்கொண்டு நின்ற காலத்தில், அவர்களுக்கு வரிசையாக ரூம் கட்டிவிட்டு, தண்ணீருக்கு போர் போட்டவனும் நான்தான். மூன்று இடத்தில் தண்ணீர் இல்லை, நாலாவதில் வந்தது. என் மகள் படித்த பள்ளிக்கூடத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டிக் கொடுத்தேன். இத்தனையும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் செய்தது.

இதில் எல்லாவற்றிலும் என் பேர் இருக்கிறது. ஒன்றில் மட்டும் இல்லை. ஜெர்மனியில் மேல்படிப்பு படித்த என் மகள், நடுவில் வந்த வசந்தகால லீவில் கூட்டாளிகளோடு ஹாலந்து போய் ஊர் ஊராகச் சுற்றினாளே, அந்தப் பயணத்தில் என் பங்கு உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

போவதற்கு முந்தின வாரம் மகள் போன் செய்தாள். செல்போன் எல்லார் கைக்கும் வராத காலம். வெளிநாட்டு போன் வந்தால் கூடத்தில் இருந்த பழைய போனில்தான் வரும்.

"அப்பா, லீவு வுட்டுட்டாங்க. ஃப்ரெண்ட்ஸ்லாம் சேந்து நெதர்லாண்ட்ஸ் போறோம்."

"ஹாலந்துன்னு சொன்னே?"

"ரெண்டும் ஒண்ணுதாம்பா."

"ஒரு நாட்டுக்கு எதுக்கு ரெண்டு பேரு?"

"தெரியலப்பா. கேளு. உட்ரெக்ட்னு ஒரு ஊர்ல தங்கறோம். அங்கேருந்து ஒரு நாள் ஆம்ஸ்டர்டாம், ஒரு நாள் ஹேக். ஆம்ஸ்டர்டாம்தான் தலைநகரம். ஆனா கவர்மென்ட்டு ஹேக்ல கீது."

எனக்குப் புரியவில்லை. தலைநகரம் ஒரு இடத்தில், கவர்மென்ட் வேறு இடத்தில் என்றால் மனு எழுதிக்கொண்டு எங்கே போய் நிற்பான் மனிதன்? அதோடு விட்டாளா? அந்த நாட்டில் கால்வாசி நிலம் கடலைவிடத் தாழ்வாக இருக்கிறது என்றாள்.

"அப்போ தண்ணி உள்ள வராதா?"

"கரை கட்டி வெச்சிகிறாங்கப்பா."

"யாரு கான்ட்ராக்டு?"

அவள் சிரித்தாள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை. மதில் வேலைக்காரன் வேறு என்ன கேட்பான்?

எந்த நாள் எந்த ஊர் என்று கேட்டேன். வெள்ளிக்கிழமை ஆம்ஸ்டர்டாம், சனிக்கிழமை ஹேக், அங்கே கடற்கரை இருக்கிறது என்றாள். கூட வருகிற பெங்காலிப் பையன் ஒரு புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அப்படித் திட்டம் போட்டிருக்கிறானாம்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் சூலம் பார்க்காமல் எந்த வேலைக்கும் கிளம்பியதில்லை. திங்களும் சனியும் கிழக்கே போகக் கூடாது, செவ்வாயும் புதனும் வடக்கே, வியாழன் தெற்கே, வெள்ளியும் ஞாயிறும் மேற்கே. நாள்காட்டியில் தினம் போட்டிருக்கும். தப்ப முடியாமல் போய்த்தான் ஆக வேண்டும் என்றால் அதற்குப் பரிகாரமும் போட்டிருக்கும்; கிழக்குக்குத் தயிர், மேற்குக்கு வெல்லம், இப்படி வாயில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். முதல் மிஷின் வாங்கப் போன நாளில் வாய் நிறையத் தயிரோடு வண்டி ஏறியவன் நான். இந்த விஷயத்தில் என்னிடம் யாரும் வாதாட வேண்டாம்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு கடையில் ஒரு உலக வரைபடம் வாங்கி வந்தேன். அதில் ஹாலந்து ஒரு உளுத்தம்பருப்பு அளவுக்கு இருந்தது. அதை வைத்து என்ன திசை பார்ப்பது? சுருட்டி வைத்துவிட்டு என் வழிக்கு வந்தேன். பிளாக் அடுக்கிய முற்றத்தில் உட்ரெக்டுக்கு ஒரு பிளாக் வைத்தேன். ஹேக்குக்கு ஒன்று. ஹேக்குக்கு அப்பால், கடலுக்காக, கலவை போடத் தண்ணீர் பிடிக்கும் தொட்டியை இழுத்து வைத்தேன். கடல் என்றால் கிழக்கு. அதில் என்ன சந்தேகம்? மெட்ராஸில் கடல் கிழக்கே, மாமல்லபுரத்தில் கிழக்கே, பாண்டிச்சேரியில் கிழக்கே. என் வாழ்நாளில் நான் பார்த்த கடல் எல்லாம் பொழுது விடிகிற பக்கத்தில்தான் கிடந்தது. கடலைப் பார்த்து நின்றால் ஆம்ஸ்டர்டாம் வலக்கைப் பக்கம் என்று மகள் சொல்லியிருந்தாள். ஆக அது தெற்கே. அந்தப் பக்கத்துக்கு ஒரு பிளாக் வைத்தேன்.

பார்த்தால், சனிக்கிழமை கடலுக்குப் போகிறேன் என்கிறாள். சனிக்கிழமை கிழக்கே சூலம்!

அவள் அடுத்துப் பேசியபோது சொன்னேன். "கடலுக்கு வெள்ளிக்கிழமை போ. ஆம்ஸ்டர்டாமுக்கு சனிக்கிழமை போ. மாத்து."

"எதுக்குப்பா?"

"சூலம்."

"அப்பா, அந்தப் பையன் ஒரு வாரமா உக்காந்து போட்ட பிளானு."

"அவன் பொஸ்தகத்துல சூலம் போட்டுகீதா? கேட்டுச் சொல்லு."

"எந்த நாள் போனாலும் அதே ரயிலுதான். சரி, மாத்திக்கறோம். வெள்ளிக்கிழமை ஹேக் போய் எறங்கினவுடனே போன் பண்றேன். அம்மாகிட்ட சொல்லிடு. உன்னோட ஒரே ரோதனப்பா."

மாற்றினாள். கவனிக்க வேண்டும்: பெங்காலிப் பையன் போட்ட திட்டம் அந்த இடத்தோடு முடிந்தது. நடந்தது என் திட்டம்.

வெள்ளிக்கிழமை வந்தது. அவர்களுக்கு மத்தியானம் என்றால் நமக்குச் சாயங்காலம் என்று கணக்கு. சாயங்காலம் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது என் ரூமில் குடியிருந்த கன்னியாகுமரிப் பக்கத்து சூபர்வைசர் ஷிப்ட் முடிந்து வந்தார். மேல்தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்று சொல்ல வந்தவர், முற்றத்தில் கிடந்த பிளாக்குகளையும் தொட்டியையும் பார்த்து நின்றுவிட்டார்.

"என்ன அண்ணாச்சி, வழியில இத இழுத்துப் போட்டு வச்சிருக்கிய?"

"அது ஹாலந்து. மிதிச்சிடாதே. இது உட்ரெக்டு, அது ஹேக்கு, தோ அதான் கடலு."

அவர் தொட்டியைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, கடலக் கிழக்கால போட்டிருக்கிய?"

"பின்ன எங்க போடுவாங்க?"

"ஹாலந்துக்குக் கடலு மேக்கால லா கெடக்கு."

"கடலு எப்டியா மேற்கால கிடக்கும்?"

"எங்க ஊருல வந்து பாருங்க. பொழுது கடலுக்குள்ளதான் விழும். கடலு என்ன நீங்க கட்டுன மதிலா, சொன்ன பக்கம் நிக்க?"

உள்ளே ஓடிப்போய் வரைபடத்தை விரித்தேன். உளுத்தம்பருப்புக்கு இடப்பக்கம் நீலமாக இருந்தது. அவர் விரலை வைத்துக் காட்டினார். கடல் மேற்கே என்றால் ஹேக் மேற்கே. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். சும்மா ஆம்ஸ்டர்டாம் போக இருந்த பெண்ணை, நேராகச் சூலத்தின் மேலே ஏற்றி அனுப்பியிருக்கிறேன்.

சமையலறையிலிருந்து என் வீட்டுக்காரி வந்து நின்றாள். எல்லாம் காதில் விழுந்திருந்தது.

"இன்னாங்க, அப்போ கொழந்தைய நீங்கதான் மாத்தி அனுப்பினீங்களா?"

"நான் கிழக்குன்னு நெனைச்சேன்."

"அதான் போன் வரல." அவ்வளவுதான் சொன்னாள். அதற்குப் பதில் அவள் சத்தம் போட்டிருக்கலாம்.

மகளுடைய செல்போனுக்கு அடித்தால் வேறு நாட்டுக்குப் போனதால் அணைத்து வைத்திருந்தாள். வேறு வழி இல்லை. மேற்குக்குப் பரிகாரம் வெல்லம். வெள்ளிக்கிழமை என்பதால் சாமிக்குப் பொங்கல் வைக்க வாங்கிய வெல்லம் வீட்டில் இருந்தது. ஆனால் கிளம்புகிறவர்கள்தானே சாப்பிட வேண்டும்? அவள் கிளம்பி எப்போதோ ஆகிவிட்டது. இங்கே அப்பன் தின்றால் அங்கே மகளுக்குச் சேருமா? யாரைக் கேட்பது? ரத்தம் ஒன்றுதானே என்று முடிவு பண்ணி, முற்றத்தில் மேற்கே பார்த்து நின்று ஒரு கட்டியை வாயில் போட்டேன். என் வீட்டுக்காரியும் போட்டுக்கொண்டாள். சூபர்வைசரிடமும் நீட்டினேன்.

"எனக்கு எதுக்கு அண்ணாச்சி?"

"மேற்கு எங்க கீதுன்னு தெரிஞ்சவன் நீதான். தின்னு."

மூன்று பேரும் வெல்லத்தை வாயில் அடக்கிக்கொண்டு நின்றோம். மேற்கே பார்த்தால் வேறு எதுவும் தெரியவில்லை. நானே கட்டிய கம்பெனி மதில்தான் தெரிந்தது.

விளக்கு வைத்தாகிவிட்டது. போன் வரவில்லை. சூபர்வைசர் தண்ணீர்ப் பிரச்சினையை மறந்து படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மகளைத் தனியாக அவ்வளவு தூரம் அனுப்பியதே தப்பு என்று சொந்தக்காரர்கள் பேசியது எல்லாம் காதுக்குள் திரும்ப ஓடியது. சாப்பாட்டு நேரத்துக்குப் போன் அடித்தது.

"அப்பா, நான்தான்."

"எங்க கீறே? இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலப்பா. எறங்கினதும் மழை, பயங்கரக் காத்து. கொடை அப்டியே திரும்பிக்கிச்சு. கடலே சாம்பக் கலர்ல கீது. ஃப்ரெண்ட்ஸ் ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓட, பிரிஞ்சுட்டோம். போன் கார்டு நனைஞ்சு நம்பர் அழிஞ்சிடுச்சு. ஒரு கடைக்குள்ள பூந்தேன். கடைக்காரரு பாத்தா நம்ம ஆளு மாதிரியே இருந்தாரு. ரொட்டியும் காராமணிக் குழம்பும் குடுத்தாரு. அவர் கோட்டதான் போட்டுகினு கீறேன். எல்லாரும் இங்க வந்துட்டாங்க. அவர் போன்லேருந்துதான் பேசறேன்."

"நம்ம ஆளா? தமிழா?"

"தமிழ் தெரியாதுப்பா. இந்தி மாதிரி ஏதோ பேசறாரு. இந்தியாவையே பாத்ததில்லயாம். தென் அமெரிக்காவுல சுரினாம்னு ஒரு நாடு, அங்கேருந்து வந்தவராம்."

இது எனக்கு மேலும் குழப்பம். நம்ம ஆள், அமெரிக்காவில் பிறந்து, ஹாலந்தில் கடை வைத்து, என் மகளுக்குக் காராமணிக் குழம்பு ஊற்றுகிறான். "அவங்க தாத்தா காலத்துல கூலி வேலைக்குக் கப்பல்ல கூட்டினு போனாங்களாம்பா, ஒப்பந்தம் போட்டு" என்றாள் மகள். ஒப்பந்தக் கூலி என்றதும் கொஞ்சம் புரிந்தது. எங்கள் ஊர் முழுக்க அதுதானே. ஆனால் யாரோ ஒருவன் வீட்டைவிட்டுப் போனது, இத்தனை வருஷம் கழித்து என் பெண்ணுக்குக் கோட்டாக வந்து சேரும் என்றால், அது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

"அவராண்ட குடு" என்றேன். கொடுத்தாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் தேங்க்ஸ் சொன்னேன். அவர் நமஸ்தே என்றார். விடவில்லை நான். "சார், சீ... வெஸ்ட்டா, ஈஸ்ட்டா?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "வெஸ்ட், வெஸ்ட்" என்றார். படியில் இருந்த சூபர்வைசர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

மகள் மறுபடி வாங்கினாள். "வெல்லம் ஏதாவது குடுத்தாரா?" என்று கேட்டேன்.

"டீல சக்கர போட்டாருப்பா. எதுக்கு?"

சர்க்கரையும் கரும்பில் வந்ததுதான். நான் மனதுக்குள் அதைப் பரிகாரத்தில் சேர்த்துக்கொண்டேன்.

மறுநாள் சனிக்கிழமை ஆம்ஸ்டர்டாம் போனார்கள். பளிச்சென்று வெயில். வாய்க்கால் ஓரமாக ஒட்டி ஒட்டி நின்ற வீடுகளைப் படம் எடுத்து வந்தாள். பாதி வீடு முன்பக்கம் சாய்ந்து நிற்கிறது. என் மதில் அப்படி ஒரு விரல் சாய்ந்தால் கம்பெனிக்காரன் பில்லை நிறுத்திவிடுவான். அங்கே அதைப் பார்க்க டிக்கெட் எடுத்துப் போகிறார்கள்.

படிப்பு முடிந்து ஊர் வந்தபோது, அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். திரையில் படங்களைப் போட்டுக் காட்டிப் பேசினாள். சுற்றுச்சுவர் கட்டியவன் என்பதால் எனக்கு முன்வரிசை. கடைக்காரரின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு சாம்பல் கடல் முன்னால் நிற்கிற படம் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்தக் கடைக்காரரைச் சந்தித்ததுதான் அந்தப் பயணத்திலேயே பெரிய விஷயம் என்றாள். கூட வந்தவர்களுக்கு நன்றி சொன்னாள். "பயணத்திட்டம் போட்டது என் நண்பன்" என்றாள். பெங்காலிப் பையனை!

என்னை ஏன் சொல்லவில்லை என்று காரில் வரும்போது கேட்டேன். "சூலத்தைச் சொன்னா பசங்க சிரிப்பாங்கப்பா" என்றாள். அவள் சொல்வதும் சரியாக இருக்கலாம். நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இடப்பக்கம் என் மதில் வந்தது, போனது.

பல முறை யோசித்துவிட்டேன். சூலம் மெய் என்றால், நான் அவளைத் தப்பான பக்கம் அனுப்பி, நானே வெல்லம் தின்று காப்பாற்றியிருக்கிறேன். சூலம் பொய் என்றால், ஒரு காரணமும் இல்லாமல் நாளை மாற்றி, மழையில் தள்ளி, அந்தக் கடைவாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன். இரண்டில் எது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லட்டும். ஆனால் எப்படிப் பார்த்தாலும், சனிக்கிழமை போயிருந்தால் மழையும் இல்லை, கோட்டும் இல்லை, கடைக்காரரும் இல்லை. அந்தப் பெங்காலிப் பையன் புத்தகத்தில் அந்தக் கடை இருந்ததா? கேட்டுப் பாருங்கள்.

அந்தப் படம் இப்போது மகள் வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் கதை சொல்கிறாள். சொல்லட்டும். எனக்குக் கைதட்டு வேண்டாம், முன்வரிசையும் வேண்டாம். படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதி ஒட்ட வேண்டும்: "வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகச் சொன்னது அப்பா." மகள் இதை வாசிக்கிற அன்றைக்கே ஒட்ட வேண்டும். கடல் எந்தப் பக்கம் என்று அதில் எழுத வேண்டியதில்லை.