மூவார் ஆற்றில் நீர் திரும்பிய மத்தியானம்

காலை ஏழரைக்கு மலாக்காவின் கஜா பெராங்கிலிருந்து புறப்பட்டோம். மலாயா விடுதலை பெற்ற மறு ஆண்டு அது. நான் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. லெட்சுமி அக்கா வீட்டில் குடியிருந்தேன். அவர் மலாக்கா செட்டி; பல தலைமுறைக்கு முன்பே அங்கே குடியேறிய தமிழர் வழி. பேச்சு மலாய்தான்; நடுவே சில தமிழ்ச் சொற்கள் வந்து விழும். அவருடைய தம்பி மணியம் மூவார் ஆற்றுப் படகுப் போட்டியில் சுக்கான் பிடிக்கிறான் என்பதால் இந்தப் பயணம்.

பேருந்தில் இருபத்தெட்டு மைல். கட்டணம் ஒரு வெள்ளி. சாலை ஆற்றோடு முடிந்தது. பட்டணம் அக்கரையில். அங்கே நின்றவர்கள் விரல் உயரம்தான் தெரிந்தார்கள். கடலிலிருந்து தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டு ஃபெரிக்காரரிடம் கேட்டேன்.

"மத்தியானம் வரைக்கும் இப்படித்தாம்மா. அப்புறம் கடல் பக்கம் இழுக்கும். அதுக்குள்ள போட்டி முடிஞ்சிடணும்."

முடியவில்லை. ஃபெரியில் கடந்து பட்டணத் துறையில் காத்து நின்றோம். போட்டியைத் தொடங்கிவைக்கப் பதினொரு மணிக்கு வரவேண்டிய பிரமுகர் ஒரு மணிக்குத்தான் வந்தார். நான்கு படகுகள் முகத்துவாரத்திலிருந்து ஆற்றின் மேல்நோக்கிக் கிளம்பியபோது நீர் திரும்பிவிட்டது. மூன்று படகுகள் நடு ஆற்றில் துடுப்பு வலித்தும் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நின்றன. மணியத்தின் படகு மட்டும் எதிர்க்கரைக்கு ஒதுங்கியது. துறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"மாலு, சிகு," என்று அக்கா முகத்தை மூடிக்கொண்டார். டீச்சர், வெட்கமாக இருக்கிறது என்கிறார்.

ஆனால் கரையோரம் இழுப்பு குறைவு. அந்தப் படகு சரசரவென்று முன்னேறியது. "அக்கா, பாருங்க!" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். எல்லைக் கொடியோ நடு ஆற்றில். மணியம் அதை நோக்கித் திருப்பியதும் வெள்ளம் படகைக் குறுக்கே வாங்கி, கீழே கொண்டுபோய்விட்டது. மற்ற மூன்றும் மெல்லத் தாண்டிச் சென்றன.

பரிசு மேடைக்குக் கூட்டம் நகர்ந்தது. நாங்கள் இருவரும் நகரவில்லை. நெடுநேரம் மல்லுக்கட்டி அந்தப் படகும் கொடியைக் கடந்தது. அக்கா ஒருவர் மட்டும் கை தட்டினார்.

திரும்பும் ஃபெரியில் மணியத்திடம் கேட்டேன்; அவன் அக்காவைவிட நன்றாகத் தமிழ் பேசுவான்: "தோத்தாச்சுன்னு தெரிஞ்சும் ஏன் விடாம வலிச்சீங்க?"

"படகை அந்தத் துறையிலதானே கட்டணும், டீச்சர்? நடு ஆத்துல விட்டுட்டு வர முடியுமா?"

நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. சுக்கான் பிடித்தே கொப்புளித்திருந்த அவன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடுத்த வருஷம் எந்தக் கரை என்று மலாயில் கேட்டார்.

"அதே கரைதான். கொடியத் தாண்டி மேல போயிட்டு, அப்புறம் திருப்பணும்."

பொழுது சாயும் நேரம் மலாக்கா ஆற்றுப் பாலத்தில் நடந்தோம். இக்கரையிலிருந்து அக்கரைக்காரரோடு குரல் உயர்த்தாமல் பேசலாம். அவ்வளவுதான் எங்கள் ஆறு. மூன்று ஆண்டுகளாக அதைக் கடந்துதான் கடைத்தெருவுக்குப் போகிறேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அன்றைக்குத்தான் குனிந்து பார்த்தேன்.