அக்காவின் வாழையும் என் சுத்தியலும்

அக்காவின் இந்த நினைவு மலருக்கு எழுத உட்கார்ந்தபோது என் மனைவி, "நல்லதா மட்டும் எழுதுங்க," என்றாள். அக்காவைப் பற்றி எழுத நல்லதுதான் இருக்கிறது. கெட்டது என்னைப் பற்றியது. ஓராண்டு நிறைவுக்குக் கூடியிருக்கும் உற்றார் உறவினர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா புக்கிட் மெர்தாஜாமில் பிறந்தார். எங்கள் வரிசை வீடுகளுக்கு ஒரே பொதுக்குழாய். தண்ணீர் சுமப்பது அக்காவின் வேலை. வாளி சிந்தினால் அப்பாவின் பெல்ட் இறங்கும். நான் சிந்தினாலும் அடி அக்காவுக்குத்தான். "நான்தான்பா" என்று முன்னால் போய் நிற்பார். பெல்ட்டின் கொக்கி கிழித்த தழும்பு அவர் தோளில் கடைசிவரை இருந்தது.

தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றார். அவர் கணவர், எங்கள் மாமா, காலமான பிறகு தீவில், ஆயர் ஈத்தாமில் மேட்டோரம் ஒரு பழைய வீட்டில் தனியாக இருந்தார். அங்கே அடிக்கடி தண்ணீர் நின்றுவிடும். ஒரு சொட்டு வீணானாலும் அக்காவுக்கு உடம்பு பதறும். குளித்த தண்ணீரையும் துணி துவைத்த தண்ணீரையும் மண்ணுக்கடியில் குழாய் போட்டு வாழைக்கு விட்டார். பின்புறம் தண்ணீரே ஊற்றாத கழிவறை ஒன்றும் கட்டினார். போனபின் மரத்தூள் போட்டு மூட வேண்டும். தொட்டி நிறைந்ததும் அடைத்துவைத்து, மண்ணாக மாறிய பிறகே வாழைக்குப் போடுவார். அங்கே நாற்றம் கிடையாது. நாற்றமெல்லாம் எங்கள் பேச்சில்தான் இருந்தது.

என் மகளின் நிச்சயதார்த்தம் பட்டர்வொர்த்தில் என் வீட்டில் நடந்தது. வாசலுக்குக் குலை தள்ளிய இரண்டு வாழை, பந்திக்கு இலை, எல்லாம் அக்கா கொண்டுவந்தார். சம்பந்தி வீட்டுப் பெரியவர் இலையைத் தடவிப் பார்த்து, "இவ்ளோ பெருசா இருக்கே, என்ன உரம்மா போடுறீங்க?" என்றார்.

அக்காவுக்கு இந்த விஷயத்தில் பெருமை அதிகம். "குளிச்ச தண்ணிதான் அண்ணே. அப்புறம் நம்ம கக்கூஸ் உரம்," என்றார்.

பெரியவர் இலையை விட்டு எழுந்தார். அவருக்குப் பின்னால் ஒரு வரிசையே எழுந்தது.

அது எப்பேர்ப்பட்ட அவமானம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வாசல் வாழைகளைப் பிடுங்கி மிதித்தேன். ஆத்திரம் அடங்கவில்லை. கடல் பாலத்தைத் தாண்டி ஆயர் ஈத்தாமுக்குக் காரை விரட்டினேன். காரில் கிடந்த பெரிய சுத்தியலால் குழாய்களை உடைத்தேன், வாழைகளை அடித்துச் சாய்த்தேன், கழிவறைச் சுவரை இடிக்க ஆரம்பித்தேன். வாடகைக் காரில் பின்னாலேயே வந்த அக்கா சுவரில் கை வைத்து மறித்தார்.

"போதும்லா தம்பி."

"தள்ளுக்கா."

அவர் தள்ளவில்லை. நான் நிறுத்தவில்லை. சுத்தியல் அவர் வலக்கையில் இறங்கியது. இரண்டு விரல்கள் நசுங்கின.

மருத்துவமனையில் நான் வாய் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். "செங்கல் விழுந்துருச்சு டாக்டர். நான்தான் பார்க்கல." அப்பாவிடம் பேசிய அதே குரல். நீங்களும் இன்றுவரை செங்கல் என்றே நம்பியிருக்கிறீர்கள். செங்கல் அல்ல, நான்.

அந்த வாரமே ஊராட்சி மன்றத்திலிருந்து ஒரு தமிழ் அதிகாரி பார்வையிட வந்தார். எங்களுக்குத் தெரியாமல் அக்கா முறைப்படி வரைபடம் கொடுத்து அனுமதி கேட்டிருக்கிறார். இடிபாட்டைப் பார்த்த அதிகாரிக்கே மனம் கேட்கவில்லை. "ஃபிளஷ் டாய்லெட்டையும் எடுக்காம வச்சிருக்கீங்க, தண்ணியும் வெளிய லோங்காங் சாக்கடைக்குப் போகல. பாஸ் ஆகியிருக்கும்லா அக்கா. யாரு உடைச்சது?"

"மறுபடி கட்டிக்கிறேன் தம்பி," என்று மட்டும் சொன்னார் அக்கா.

கட்டியது நான். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை, செங்கல் சுமந்தேன். அக்கா வளைந்த விரலால் காட்டிய இடத்திலெல்லாம் குழாய் பதித்தேன். மன்றம் அனுமதி கொடுத்தது. கல்யாணமும் நல்லபடியாக நடந்தது. இரண்டு வருடம் கழித்து நெஞ்சு வலியில் அக்கா போய்ச் சேர்ந்தார். கேட்க வேண்டியதை நான் கேட்கவே இல்லை.

கடைசி நாட்களில் அக்காவைக் கவனித்த மருத்துவர்கள், தாதியர், மரத்தூள் கொடுத்துதவிய பக்கத்துத் தச்சுப் பட்டறைக்காரர், பாடை தூக்க முதலில் தோள் கொடுத்த சம்பந்தி வீட்டுப் பெரியவர், எல்லாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இன்று நீங்கள் சாப்பிடப்போவதும் அக்கா தோட்டத்து இலையில்தான். யாராவது பந்தியிலிருந்து எழுவதாக இருந்தால் இலைக்காக எழாதீர்கள். பரிமாற வருகிற என் கையைப் பார்த்து எழுங்கள்.