ஒரே திசைக் காற்று

எங்கள் கரையில் புயலுக்குப் பெயர் வைப்பார்கள். என் கணவர் ஜெனரேட்டர் மெக்கானிக்காகப் போயிருந்த தென்துருவத்து ஆராய்ச்சி நிலையத்தில் புயலுக்கு வகைகள்தான் உண்டு. படூரில் கத்திரி வெயில் சுவரைச் சுட்டுக்கொண்டிருந்த நாட்களில், அவர் பகலே வராத இருட்டிலிருந்து அழைத்து அந்த வகைகளைச் சொல்வார். வேறு என்ன பேசுவது? இங்கே தண்ணீர் லாரி. அங்கே காற்று.

"மழை எவ்ளோ?" என்று முதல் புயலின்போது கேட்டேன்.

"மழையா? மேலேர்ந்து ஒண்ணும் வுழலம்மா. கீழ கெடக்குற பழைய பனியத்தான் காத்து வாரி அடிக்குது. அண்ணாந்து பாத்தா நட்சத்திரம் தெரியுது, எதிர்ல கீற ஜெனரேட்டர் ஷெட்டு தெரியல."

காற்றே இல்லாத ஆபத்து ஒன்றும் உண்டாம். பகல் திரும்பும் மாதங்களில் மேகமும் தரையும் ஒரே வெள்ளையாகி, நிழல் செத்துப்போய், பள்ளம் எது மேடு எது என்று கால் குழம்பும். கடலில் திடீரென்று கிளம்பி, கப்பலை மறித்துவிட்டுக் கரைந்துபோகும் குட்டிப் புயல்கள் வேறு.

ஒரு மத்தியானம், பேச்சின் நடுவே, "காத்து நின்னுபோச்சு. ஷெட்டுக்கு ஓடிட்டு வந்துடறேன்" என்றார். ஜெனரேட்டர் நின்றால் அங்கே அறைச் சூடு போகும், குழாய்த் தண்ணீர் கல்லாகும்.

"போகாதீங்க" என்றது என் வாய்.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில் பிறந்தவள் நான். புயலுக்கு நடுவே காற்று சட்டென்று அடங்கினால் அதன் கண் தலைக்கு மேல் நிற்கிறது; அடுத்த அடி எதிர்ப்பக்கத்திலிருந்து விழும். பறந்துபோன தகரத்தைப் பொறுக்க வெளியே போனவர்களைத் திரும்பி வந்த காற்று தூக்கியடித்ததைப் பார்த்த ஊர்.

"இங்க கண்ணும் இல்ல, மூக்கும் இல்ல" என்று சிரித்தார். "சரி, நீ சொல்ற. டீ குடிச்சிட்டு போறேன்."

லைன் அறுந்தது. அடுத்த நாளும் அழைப்பில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

"இன்னாக்கா, மூஞ்சி வாடிக்கீது?" என்றாள் எதிர்வீட்டுக்காரி. "அண்ணன் ஐஸ்பொட்டில ஜாலியா கீறாரு. கரண்டு பில்லு கட்றது நாமதான்."

நானும் சிரித்தேன். கதவைச் சாத்தியபின் ஃபேன் சத்தம் மட்டும் இருந்தது. அவருடைய சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டேன். அவை அழுக்காக இல்லை.

ஒருவழியாக அழைத்தார். காற்று ஆன்டெனாவைச் சாய்த்துவிட்டதாம். "இங்க அடிக்கிறது ஒரே பக்கத்துக் காத்துதாம்மா. பனிமேட்டு மேல குளுந்துபோன காத்து, வெயிட்டு தாங்காம கடல பாத்து சறுக்கிகினு வருது. கொழா தொறந்து மூடற மாதிரி. நிக்கிற நேரத்துலதான் போய் வரணும்."

"அப்போ அன்னிக்கு?"

"நீ சொன்னியேன்னு குந்திகினு இருந்தேன். காத்து மறுபடி தொறந்துகிச்சு. ஷெட்டு வரைக்கும் கட்டிகீற கயித்த புடிச்சிகினுதான் போனேன். வெரல் நுனி மரத்துப்போச்சு. டாக்டர் கட்டு போட்டுகீறாரு."

"என்னாலதான்."

"உன்னாலயா? டீ நல்லாத்தான் இருந்துச்சு."

அப்போதுதான் அவர் பின்னால் இருந்த இரைச்சல் அடங்கியது. அவர் சொல்லவில்லை, எனக்கே கேட்டது. அவர் என் வார்த்தைக்குக் காத்திருந்தார். எனக்குத் தெரிந்த புயல் எல்லாம் எங்கள் கரையோடு முடிந்துவிடுகிறது.

"போங்க" என்றேன். "சீக்கிரம் போங்க."

போனை அணைக்காமலே போய்விட்டார். பூட்ஸ் சத்தம், கதவு. பிறகு ஆளில்லாத அந்த அறை. போனைக் காதிலிருந்து எடுக்காமல் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.