எந்தப் பக்கம் சத்தம்

எங்கள் ஊர்ப்பக்கம் "சத்தம் கேட்டுச்சா?" என்று ஒருவர் கேட்டால், என்ன சத்தம் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. "எந்தப் பக்கம்?" என்றுதான் கேட்போம். கேட்டுக்கொண்டே வானத்தைப் பார்ப்போம். புகை எழும்பும் திசை தெரிந்ததும், அந்தத் திசையில் நம் வீட்டு ஆள் யாராவது பட்டாசுக் கம்பெனி வேலைக்குப் போயிருக்கிறார்களா என்று மனசு தேடும்.

மற்றபடி அது வாயில் புழங்குகிற சாதாரணச் சொல்தான். குழாயில் தண்ணீர் வந்ததைச் சொல்லாத பக்கத்து வீட்டுக்காரியிடம், "ஒரு சத்தம் குடுத்திருந்தா நானும் ரெண்டு குடம் பிடிச்சிருப்பேன்லத்தா" என்பார்கள். அங்கே சத்தம் என்றால் கூப்பிடுவது. யாருக்கும் சொல்லாமல் நிச்சயம் செய்தால், "சத்தமில்லாம முடிச்சிட்டாக" என்று ஒரு மாதத்துக்குப் பேசுவார்கள். மகன் பரீட்சையில் தோற்றால் அப்பா சத்தம் போடுவார். வண்டி வாடகைக்கும் எங்களிடம் அதே பேர்தான். "மல்லாங்கிணறுக்கு எம்புட்டுச் சத்தம் கேக்க?" என்று ஆட்டோக்காரரிடம் பேரம் பேசினால், பக்கத்தில் நிற்கும் வெளியூர்க்காரர் முழிப்பார்.

பள்ளிக்கூடத்தில் "சத்தம் போடாதீக" என்று வாத்தியார் பொதுவாகச் சொன்னால்கூட, என்னைத்தான் சொல்கிறாரோ என்று தலையைக் குனிந்துகொள்வேன். அதுவரை வாயே திறந்திருக்க மாட்டேன். கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் தொண்டையை விட்டு வராது. ஏழாம் வகுப்போடு நின்று, திருத்தங்கலில் ஓர் அச்சகத்துக்கு வேலைக்குப் போனேன். மெஷின் ஓடும்போது யாரும் யாரையும் கேள்வி கேட்க முடியாது. அந்த இரைச்சல் எனக்கு நிம்மதியாக இருந்தது. காலையிலிருந்து சாயங்காலம் வரை பட்டாசுப் பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள்தான் அடிப்போம். என் மனைவி பட்டாசுக் கம்பெனியில் சரவெடி பின்னினாள். நான் அடித்த லேபிளை அவள் பின்னிய சரத்தின் மேல் யாரோ ஒட்டியிருக்கக்கூடும்.

கம்பெனிகளில் மத்தியான நேரத்தில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். ஆர்டர் கொடுக்க வந்த வியாபாரி கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சத்தம் பத்தலியே" என்பார். அந்தச் சத்தத்துக்கு ஊரில் யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். சாம்பிள் சத்தம் மேலே போகும், விபத்தில் வெடிக்கிற சத்தம் தரை வழியாகக் காலுக்கு வரும் என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார். எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் வானத்தைப் பார்ப்பேன்.

அதனால் தினமும் காலையில், கம்பெனி பஸ் வருகிற தெருமுக்கு வரை அவளோடு நடந்து போய் ஒரே பாடத்தைச் சொல்லுவேன்.

"சத்தம் கேட்டா வாசப்பக்கம் ஓடாத. எல்லாரும் அங்கனதான் நெரிசலா விழுவாக. பின்னாடி வேலியத் தாண்டிக் காட்டுக்குள்ள போயிரு. திரும்பிப் பாக்காத. செருப்பத் தேடாத."

"தெனமும் இதே பாட்டா? நான் சரம் பின்னப் போறனா, சண்டைக்குப் போறனா?" என்று சிரிப்பாள். பக்கத்தில் நிற்கும் பெண்களிடம், "எங்க வீட்ல ரேடியோ இல்லாத கொற இவுகளால தீந்துச்சு" என்பாள். அவர்களும் சிரிப்பார்கள். பஸ் போய்விடும்.

அந்தக் கம்பெனிக்குள் நான் போனதில்லை. எந்த அறை எங்கே இருக்கிறது என்று அவள் சொன்னதும் இல்லை. சொன்னால் நான் ராத்திரி தூங்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

தீபாவளி சீசனில் ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. மெஷினில் தாள் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஃபோர்மேன் திடீரென்று கையை உயர்த்தி மெஷினை நிறுத்தினார். எல்லா மெஷினும் நின்றது. காலுக்குக் கீழே தரை ஒரு முறை அசைந்து அடங்கியது மாதிரி இருந்தது. வெளியே ஓடினோம். தெருவே வெளியே நின்றது.

"எந்தப் பக்கம்?"

"கெழக்கால."

கிழக்கே சாம்பல் நிறத்தில் புகை குடைபோல விரிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் எத்தனையோ கம்பெனிகள். ஆனால் எனக்கு ஒன்றுதான் இருந்தது. ஆபீஸ் போனில் அவள் கம்பெனிக்கு அடித்துப் பார்த்தார்கள். லைன் கிடைக்கவில்லை. முதலாளியிடம் இருந்த செல்போனிலும் கிடைக்கவில்லை.

லேபிள் கட்டு ஏற்ற வந்த லோடு ஆட்டோ ஒன்று வாசலில் நின்றது. ஓட்டுகிறவர் என் முகத்தைப் பார்த்தார். "ஏறுங்க அண்ணாச்சி" என்றார். சட்டைப்பையைத் தடவினேன், மை பிடித்த துணிதான் இருந்தது. "சத்தமெல்லாம் ஒண்ணும் வேணாம், மொதல்ல ஏறுங்க" என்று வண்டியைக் கிளப்பிவிட்டார். அந்த வார்த்தை இன்னொரு நாளாக இருந்தால் காதில் விழுந்ததே தெரிந்திருக்காது.

போகிற வழியில் அவர் பேசிக்கொண்டே வந்தார். "இந்தப் பக்கம் வேற கம்பெனியா இருக்கும் அண்ணாச்சி. நம்ம நெனைக்கிறது ஒண்ணும் இருக்காது." கிட்டே போகப் போக வண்டியை இன்னும் விரட்டினார். கம்பெனிக்குக் கொஞ்சம் முன்னாலேயே ரோட்டை அடைத்துவிட்டார்கள். இறங்கி ஓடினேன்.

அவள் கம்பெனிதான். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் வேலைக்கு வந்தவர்களின் தூக்குச்சட்டிகள் காலையில் வைத்தபடி வரிசையாக இருந்தன. அடையாளத்துக்காக அவள் தூக்கின் கைப்பிடியில் வெளியூரில் வாக்கப்பட்ட எங்கள் மகளின் பழைய சிவப்பு ரிப்பனைக் கட்டியிருந்தாள். அதுவும் இருந்தது.

உள்ளே இருந்து வந்த பெண்களை அவரவர் வீட்டு ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். ஒவ்வொருத்தியாக வர வர, அந்தந்தப் பெண்ணுக்காக வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். காத்திருந்த வேறு சிலரின் வீட்டு ஆட்கள் வெளியே வரவில்லை. நானும் அவர்களோடு நின்றேன். சூப்பர்வைசரை மறித்துக் கேட்டேன்.

"பின்னல் ரூம் ஆளுக எல்லாரும் வெளிய வந்துட்டாக அண்ணாச்சி. பயப்படாதீக."

"என் வீட்டுக்காரி வரலியே."

அவர் வெளியே வந்தவர்கள் இருந்த பக்கம் கையைக் காட்டினார். அவளோடு தினமும் பஸ்ஸில் போகும் பெண் ஒருத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் போய் நின்றேன்.

"அக்கா எங்ககூட வாசலுக்கு வரலண்ணே. பின்னாடியாத் திரும்புன மாதிரி இருந்துச்சு."

"பின்னாடி என்ன இருக்கு?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புகை வந்துகொண்டிருந்த பக்கத்தைப் பார்த்தாள். வெடிமருந்து கலக்குகிற அறைகள் பின்பக்கம்தான் இருக்கின்றன என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆட்கள் கூடுகிற வாசலுக்குத் தூரமாக வைப்பதுதான் வழக்கமாம். நான் தினமும் அவளை ஓடச் சொன்னது அந்தப் பக்கம்.

உள்ளே விடமாட்டோம் என்றார்கள். கெஞ்சினேன். என்னை ஒரு போலீஸ்காரர் தோளைப் பிடித்து மெதுவாகத்தான் தள்ளினார், "உள்ள நீங்க பாக்கற மாதிரி இல்ல" என்றார். வேலியை ஒட்டியே வெளியில் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். வேலிக்கு அப்பால் எல்லாம் கருவேலங்காடு. அங்கே என்னை மாதிரி இன்னும் சிலர் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு பெண்பேர் கேட்டது.

நான் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு வழக்கமில்லை. வீட்டில் "இந்தா" என்றால் வந்துவிடுவாள். அன்றைக்கு அந்தப் பேரை முதலில் தணிவாகச் சொல்லிப் பார்த்தேன். பிறகு கத்தினேன். என் தொண்டைக்குள் அவ்வளவு சத்தம் இருந்ததே எனக்குத் தெரியாது. பதில் இல்லை. நின்று காது கொடுப்பேன், இல்லை. மறுபடி கத்துவேன். எவ்வளவு நேரம் அப்படி நடந்தேனோ. முள் கிழித்ததெல்லாம் பிறகுதான் எரிந்தது.

ஓர் உடைமுள் மரத்தடியில் அவள் சேலை தெரிந்தது. எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய்க் கூப்பிட்டேன். அசைவில்லை. கை எட்டுகிற தூரத்தில் தொடப் பயந்து நின்றேன். அப்போது அவள் கை அசைந்தது. குனிந்து உள்ளங்காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

தோளைத் தொட்டேன். திரும்பிப் பார்த்தாள். முகமெல்லாம் கரி.

"வேல இல்லையா? மெஷின நிறுத்திட்டா வந்தீக?"

காடே கேட்கும்படி கத்தினாள். அவள் சத்தம் அவளுக்கே கேட்கவில்லை என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

மருந்து அறையில் வேலை பார்த்தவர்கள் யாரும் வீடு திரும்பவில்லை. அவர்களில் ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அந்த வீட்டுக்குப் போய் வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தோம்.

விருதுநகர் பெரியாஸ்பத்திரியில் அவள் காதைப் பார்த்த டாக்டர், வலது காது தேறும் என்றார். கொஞ்சம் தேறியது. இடது காது தேறவில்லை. நான் சொன்னதைக் கேட்டுத்தான் பின்பக்கம் ஓடினாயா என்று ஒரு நாள் கேட்டேன். கேட்கவே பயமாக இருந்தது.

"நீங்க சொன்னதெல்லாம் அந்நேரம் யாருக்கு நெனப்புல இருந்துச்சு? கால் போன பக்கம் போனேன். பக்கவாட்டு வேலில ஒரு ஓட்ட இருந்துச்சு" என்றாள். என் மனசுக்காகச் சொன்னாளோ என்னவோ. அதற்கு மேல் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை.

வீட்டில் நாங்கள் இப்போது உரக்கப் பேசுகிறோம். "புருசனும் பொண்டாட்டியும் விடியுமுன்ன என்ன சத்தம்?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்கள். சண்டை என்று நினைக்கிறார்கள். உப்பு இருக்கிறதா என்றுதான் கேட்டுக்கொண்டிருப்போம்.

மூடிய கம்பெனியைக் கொஞ்ச நாளில் மறுபடி திறந்தார்கள். அவள் தூக்கைக் கழுவிக் கவிழ்த்ததைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"போகாத. வேற ஏதாவது பாப்போம்."

"வேற எங்கன போக? விருதுநகர்ல மொளகா வத்தல் காம்பு கிள்ளவா? சாயங்காலம் கண்ணத் தொறக்க முடியாது. எனக்குப் பின்னத்தான் தெரியும்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க தெனமும் வந்து பஸ் ஏத்தி விடுங்க, போதும்" என்றாள்.

முதல் நாள் காலையில் முக்கில் போய் நின்றோம். அவளுக்கு வலப்பக்கமாக நின்றுகொண்டேன். பழைய கூட்டத்தில் சில பேர் குறைந்திருந்தார்கள்.

"என்ன, பாட்டு இன்னும் ஆரம்பிக்கல? சொல்லுங்க, பஸ் வந்துரும்" என்றாள்.

எந்தப் பக்கம் ஓடச் சொல்வது? வாசல் என்பதா, வேலி என்பதா? பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டு எழுப்பி விட்டதும் நின்ற மாதிரி நின்றேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு இடப்பக்கமிருந்து கம்பெனி பஸ் வந்தது. ஹார்ன் அடித்தது. மற்ற பெண்கள் தூக்கை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் திரும்பவில்லை. மறுபடியும் ஹார்ன் அடித்தது. நான் பேசாமல் இருந்தால் பஸ் போய்விடும் என்று ஒரு கணம் தோன்றியது. நாளைக்கும் வரும். அதற்கு மறுநாளும் வரும்.

தோளைத் தொட்டு, பஸ் வந்துவிட்டதைக் காட்டினேன்.