நின்றுபோன வகுப்பைத் தேடி: ஆனைமலையிலிருந்து கணபதி வரை

அருவிகளையும் மலைக்கோயில்களையும் பற்றி எழுதிவந்த இந்த வலைப்பூவில், ஒரு கல்விச் செயலி நிறுவனத்தின் அலுவலகத்துக்குப் போய்வந்ததை எழுதுகிறேன். கோவையில் இப்போது இத்தகைய நிறுவனங்கள் தெருவுக்கு ஒன்றாக முளைக்கின்றன. பிள்ளைகளைச் சேர்த்த பெற்றோர் சிலருக்கு இந்தப் பயணம் வாய்க்கலாம்.

போனது கடந்த பிப்ரவரியில். ஆனைமலையில் இருக்கும் என் அக்கா மகள் ரம்யா பன்னிரண்டாம் வகுப்பு, தமிழ்வழி. நீட் தேர்வுக்காக ஒரு செயலியில் சேர்ந்திருந்தாள். தமிழிலேயே நேரலை வகுப்பு, சந்தேகம் கேட்கத் தனி ஆசிரியர் என்றார்கள். சில மாதங்கள் சொன்னபடியே நடந்தது. பொங்கல் விடுமுறை முடிந்து திறந்தால் வகுப்பு இல்லை. அழைத்தால் எடுக்க ஆளும் இல்லை.

"பணம் போனாப் போகுது தம்பி. பரீட்சைக்கு மூணு மாசந்தான் இருக்குது, புள்ளைக்குப் பாடம் வேணும். நீ ஒரு எட்டு கூட்டிட்டுப் போய்ட்டு வா" என்றாள் அக்கா.

காலை ஏழரைக்கு ஆனைமலையில் நகரப் பேருந்து ஏறினோம். ரம்யாவுக்குக் கட்டணமில்லை, எனக்குப் பன்னிரண்டு ரூபாய். பொள்ளாச்சியில் பேருந்து மாறினோம்; அங்கிருந்து கோவை உக்கடம் நாற்பது கிலோமீட்டர். காலையில் போவதானால் இடப்பக்கம் உட்காருங்கள், வெயில் படாது. வழியெல்லாம் சுவர்களில் செயலி விளம்பரங்கள், வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகளின் படங்கள். ரம்யா நிமிரவே இல்லை, உயிரியல் புத்தகத்தில் இருந்தாள்.

உக்கடத்திலிருந்து இன்னொரு பேருந்தில் காந்திபுரம் போய் ஆட்டோ பிடித்தோம். அலுவலகம் இருக்கும் கணபதி பகுதிக்கு நூற்று இருபது ரூபாய்.

"அந்த ஆன்லைன் ஸ்கூல் ஆபீசுங்களா? தெனமும் ஆளுக வாராங்க" என்றார் ஓட்டுநர்.

"படிக்கிறதுக்கா?"

"வேலைக்குங்க."

கீழே லேத் பட்டறை, மேலே மாடியில் அலுவலகம். குளிரூட்டி, வழவழப்பான தரை. முகிலன் என்ற இளைஞர் வந்தார். மேலாளராம்.

"வாங்க சார், உக்காருங்க. டீ குடிக்கிறீங்களா? அந்தத் தமிழ் மீடியம் பேட்ச்சை நிறுத்திப்போட்டமுங்க. ஆளு சேரறதில்லீங்க. கம்பெனியில பணம் போட்டவங்க வளர்ச்சியைத்தானுங்க கேக்கறாங்க."

"பரீட்சை நெருங்கற நேரத்துலயா?"

"புரியுதுங்க சார். எங்களுக்கும் சங்கடமாத்தானுங்க இருக்குது."

அத்தனை மரியாதை. கோபத்துக்கு ஒரு பிடிகூடக் கிடைக்கவில்லை.

ரம்யா மெதுவாகக் கேட்டாள். "உயிரியல் எடுத்த மிஸ் எங்கீங்க? ஒரு சந்தேகம் பாதியில நிக்குதுங்க."

"அவங்க இப்ப இங்க இல்லீங்க அம்மணி."

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வரிசையாகப் பெண்கள், காதில் ஹெட்செட்டோடு பேசிக்கொண்டிருந்தார்கள். திறந்திருந்த கதவு வழியே ஒரு குரல் வந்தது. "ஏனுங்கக்கா, சாப்டாச்சுங்களா? பாப்பா நல்லாப் படிக்குதுங்களா?"

ரம்யா சட்டென்று எழுந்தாள். "மாமா, அந்த அக்காதான் என்னையச் சேத்துனாங்க!" நான் தடுப்பதற்குள் உள்ளே போய்விட்டாள்.

"அக்கா, நான் ஆனைமலை ரம்யாங்க. பரீட்சை வரைக்கும் கூடவே இருப்பேன்னு சொன்னீங்களே?"

அந்தப் பெண்ணுக்கும் இருபத்திரண்டு வயதுக்கு மேல் இருக்காது. ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு உற்றுப் பார்த்தாள். "ஒரு நாளைக்கு எத்தனையோ பேருகிட்டப் பேசறேன் கண்ணு. நெனப்பில்லையே." மேலாளர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கிளம்பும்போது முகிலன் என்னிடம் சொன்னார்: "தங்கச்சி நல்லாப் பேசுதுங்க சார். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பேச ஆளு வேணும். பரீட்சை முடிஞ்சதும் வரச் சொல்லுங்க."

"பாடம் கேட்டு வந்த புள்ளைங்க இது" என்றேன். அதற்கும் சிரித்தபடி தலையாட்டினார். வந்திருந்த டீயைத் தொடாமல் இறங்கினோம். காந்திபுரத்தில் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன், ரம்யா இலையில் சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள்.

பிறகு பள்ளி ஆசிரியை ஒருவர் மாலையில் சொல்லிக்கொடுத்தார். போதவில்லை. முடிவு வந்த அன்று, அடுத்த வருடம் எழுதலாம் என்று தேற்றினேன். "யாருகிட்டப் படிச்சு எழுதறதுங்க மாமா?" என்று கேட்டாள். ஜூலையில் அதே அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அக்காவுக்குச் சந்தோஷம்தான், ஏ.சி. ஆபீஸ் அல்லவா.

இந்த நிறுவனங்கள் வளர்கின்றன என்கிறார்கள். வளரட்டும். அங்கே வளர்ந்ததாக நான் கண்ணால் பார்த்தது பேசுகிறவர்களின் வரிசையை மட்டும்தான்.

நேரில் போகிறவர்களுக்கு: பதினொரு மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு மேலாளர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். டீயும் விளக்கப்படமும் வரும். அவற்றுக்கு முன்பாக, ஆசிரியர்கள் எந்த அறையில் உட்கார்கிறார்கள், காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்டாவிட்டால் திரும்பிவிடுங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னும் ஒன்று. ஒரு பெண் அழைத்து, சாப்பிட்டீர்களா, பாப்பா படிக்கிறதா என்று கேட்கலாம். அது எங்கள் ரம்யாவாக இருக்கலாம். அவளிடம் கடுமையாகப் பேசிவிடாதீர்கள். பிள்ளையை மட்டும் சேர்க்காதீர்கள்.