பாலை நிறுத்தினேன், பெரியப்பா போனார்

சைக்கிள் வாங்கும்வரை சிக்கனம் என்று நான் சபதம் செய்தது உங்களுக்குத் தெரியும். முதலில் நிறுத்தியது காப்பிக்குப் பால்.

மூன்று நாளாக எங்கள் ஊர் புந்தோங்கின் காப்பிக்கடையில் கடுங்காப்பிதான். இன்று கடைக்கார முனியாண்டி அண்ணன் கோப்பையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

“தம்பி, வீட்டுல யாரு தவறிட்டாங்க?”

சாவு வீட்டில்தான் நம்மவர்கள் பாலில்லாமல் குடிப்பார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கடையே என்னைப் பார்த்தது. கஞ்சத்தனம் என்று சொல்ல நா எழவில்லை.

“சிலிம் ரிவர்ல இருந்த பெரியப்பா.”

“நல்ல சாவா?”

“தூக்கத்துலண்ணே.”

“ஞாயித்துக்கெழம கடைய மூடிட்டு வாரேன். துக்கம் கேக்காம இருக்க முடியுமா? இவங்களும் வாராங்க.”

பின்னால் ஏழு பேர் தலையாட்டினார்கள்.

“வேணாம்ணே, ரொம்ப தூரம்.”

“ரயிலு இருக்குலா.”

பெரியப்பா திடமாக இருக்கிறார். போன வாரம் ஒரு முழுக் கோழியைத் தனியாகத் தின்றார்.

அவருக்கு உடனே தந்தி கொடுக்க வேண்டும். தந்தியில் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு. அவர் இறந்துவிட்டதையும், ஞாயிறன்று எட்டுப் பேர் வருவதையும் அவருக்கே மிகக் குறைந்த சொற்களில் தெரிவிக்க உங்களில் யாருக்காவது வருமா?